விளையாட்டுச் சாமான்

கண்ணாடிக்காரருக்கு வந்த கடிதம் ஒரே ஒரு பக்கம்தான். அதை அவர் மூன்று முறை படித்தார். முதலில் மூக்குக்கண்ணாடியோடு, அப்புறம் அதைக் கழற்றிவிட்டு, கடைசியில் லென்ஸில் கீறல் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு. எப்படிப் பார்த்தாலும் எழுத்து மாறவில்லை.

சுங்க அலுவலகத்தின் பார்சல் பிரிவிலிருந்து வந்திருந்தது. தங்கள் கடையின் இறக்குமதி எண்ணில் வந்துள்ள பெட்டியில் துப்பாக்கி வடிவப் பொருள்கள் இரண்டு இருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது, பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து விளக்கம் தரவும் என்று இருந்தது.

வருஷத்துக்கு ஒரு முறை பிரேமும் லென்ஸும் வரவழைப்பதற்காக வாங்கி வைத்த எண் அது. முப்பது வருஷமாகக் கண்ணாடி விற்கிற மனிதருக்குத் துப்பாக்கி எங்கிருந்து வரும்? வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று உறையைத் திருப்பிப் பார்த்தார். கடையின் பெயர், கதவு எண், அவருடைய இனிஷியல் உட்பட எல்லாம் சரியாக இருந்தது.

அப்போதுதான் இரண்டு மாதத்துக்கு முன் மாப்பிள்ளை கீழே இறங்கி வந்தது நினைவுக்கு வந்தது.

கடைக்கு மேல் மாடியில் மகளும் மாப்பிள்ளையும் குடியிருந்தார்கள். மகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். நாளுக்குப் பத்து வார்த்தை பேசுவார். பதினோராவது வார்த்தைக்கு யாரோ வரி கேட்பார்கள் என்று பயந்தவர் மாதிரி அத்தோடு நிறுத்திக்கொள்வார். அன்றைக்கு அவர் கையில் சில காகிதங்களோடு கடைக்குள் வந்து நின்றார்.

"மாமா, வெளிநாட்டுலேர்ந்து கொஞ்சம் விளையாட்டுச் சாமான் வருது. உங்க கடை நம்பர்ல வரவழைச்சுக்கலாமா?"

விளையாட்டுச் சாமான் என்ற சொல்லோடு கண்ணாடிக்காரரின் காது அடைத்துக்கொண்டது. கல்யாணமாகி ஆறு வருஷம். விசேஷம் உண்டா என்று அவர் ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. மனைவி இருந்திருந்தால் அவள் கேட்டிருப்பாள். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது மாப்பிள்ளையே வந்து, இப்படிச் சுற்றி வளைத்து, கூச்சத்தோடு... அவர் ஒரு வரிகூடப் படிக்காமல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளை படியேறிய பிறகு, தானே இரண்டு தடவை சிரித்துக்கொண்டார்.

அன்று தொடங்கியது அவருடைய கவனிப்பு. மகள் தண்ணீர் கேனைத் தூக்கினால் ஓடிப்போய்ப் பிடுங்குவார். "லேப்ல உக்காந்து பாக்கற வேலையா கேட்டு வாங்கிக்கோம்மா" என்பார். அவள் விநோதமாகப் பார்ப்பாள். அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தார். ஒரு மாதம் போயிற்று, இரண்டும் போயிற்று. சொல்லவில்லை. மகள் முன்னைவிட வேகமாகப் படியேறி இறங்கினாள். ஒன்றும் புரியாவிட்டாலும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் போலிருக்கிறது என்று தேற்றிக்கொண்டார்.

இப்போது இந்தக் கடிதம். பிறக்காத குழந்தைக்குத் துப்பாக்கி பொம்மை வாங்குவார்களா? பொம்மை என்றால் சுங்கத்தில் ஏன் கூப்பிடுகிறார்கள்? யோசிக்க யோசிக்க வேறு சில விஷயங்கள் தலைதூக்கின. மாப்பிள்ளை ஞாயிறு விடியும் முன்பே கிளம்பிப் போவார். திரும்பும்போது செருப்பெல்லாம் சேறு. ஒரு முறை முழங்கைக்கு மேலே காசு அகலத்துக்கு வட்டமாக இரண்டு கன்றிப்போன தழும்புகள். கேட்டதற்கு, "லிஃப்ட் கயிறு பட்டுச்சு மாமா" என்றார். கயிறு பட்டால் கோடாகத்தானே இருக்கும்?

மாப்பிள்ளையை எதிரே உட்காரவைத்து, "நீங்க துப்பாக்கி கடத்துறீங்களா?" என்று எந்த மாமனார் கேட்க முடியும்? மகளிடமும் சொல்ல முடியாது, இந்த நேரத்தில் அவளுக்கு அதிர்ச்சி கூடாது. தானே போய்ச் சத்தமில்லாமல் முடித்துவிட்டு வருவோம் என்று மறுநாள் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டுப் புறப்பட்டார்.

சுங்க அலுவலகத்தின் வாசலில் தரகர் ஒருவர் எல்லோரையும் மறித்துப் பேசிக்கொண்டிருந்தார். கட்டுக் கட்டாகப் படிவங்கள் அக்குளில். காவலாளி அவரைப் "பூனை" என்று கூப்பிட்டார். சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான்.

"என்ன ஐட்டம் சார்?"

கண்ணாடிக்காரர் கடிதத்தைக் காட்டினார். பூனை அரைப் பார்வை பார்த்துவிட்டு ஒரு படிவத்தை உருவினார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. பொம்மைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. பொம்மைக்கு யார் சார் கேள்வி கேக்கப்போறா?"

பொம்மை என்றுதான் கண்ணாடிக்காரரும் நம்ப ஆசைப்பட்டார். அதனால் பேனாவை வாங்கிக்கொண்டார். 'குழந்தைக்கான பொம்மை, இரண்டு' என்று அழகாக எழுதி, தேதி போட்டு, உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆய்வாளர் ஒரு நடுத்தர வயது அம்மாள். மேஜையின் இரு பக்கமும் கோப்புகள் மதில் மாதிரி நின்றன. அவருடைய கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. காதுப் பக்கம் வளைவு போதவில்லை என்று கண்ணாடிக்காரர் பார்த்த உடனே கண்டுகொண்டார்.

"பெட்டியில என்ன சார் இருக்கு?"

"பொம்மைங்கம்மா. குழந்தைக்கு."

"குழந்தைக்கு என்ன வயசு?"

"இன்னும் பொறக்கலீங்க."

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு சுற்றறிக்கையில் விரலை வைத்தபடி, "ஜூல் எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஜுவலா? நகையெல்லாம் எதுவும் இல்லீங்கம்மா. சத்தியமா."

"நகை இல்ல சார். ஜூல். குண்டு என்ன விசையில வெளிய வருதுங்கற கணக்கு."

"குண்டா?"

கண்ணாடிக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாள் இடது பக்க மதிலிலிருந்து ஒரு கோப்பை இழுத்து அவர் பக்கம் திருப்பினார். அதில் அச்சடித்த ஒரு விவரத்தாள். 'ஏர்சாஃப்ட் விளையாட்டுக் கருவி, இரண்டு. காற்றழுத்தத்தில் பிளாஸ்டிக் குண்டு சுடுவது. பொம்மை அல்ல. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர் மட்டும் பயன்படுத்துவதற்கு.' அடியில் அவருடைய கையெழுத்து, அந்தச் சுழி உட்பட.

"இதுவும் உங்க கையெழுத்து. இப்ப கொடுத்ததும் உங்க கையெழுத்து. இதுல பொம்மை இல்லன்னு இருக்கு, அதுல பொம்மைன்னு இருக்கு. நான் எதை நம்பறது?"

"எனக்கே தெரியலீங்கம்மா" என்றார் கண்ணாடிக்காரர். அன்று அவர் சொன்னதிலேயே முழு உண்மை அதுதான்.

அம்மாள் பெருமூச்சு விட்டார். "நானும் இந்தப் பிரிவுக்கு வந்து ஒரு மாசம்தான் சார். அதுவரைக்கும் துணி மூட்டை பாத்துக்கிட்டிருந்தேன். துணின்னா துணி, அதுல சந்தேகமே வராது. இங்க பாருங்க. ஆயுதம்னா லைசென்ஸ் கேக்கணும். பொம்மைன்னா பொம்மைக்கான தரச் சான்று கேக்கணும். விளையாட்டுக் கருவின்னா விளையாட்டுச் சங்கத்துக் கடிதமும் போலீஸ் தடையில்லாச் சான்றும் கேக்கணும். முதல் தாள் மட்டும் இருந்திருந்தா எனக்குக் குழப்பமே இல்ல, அந்தச் சான்றெல்லாம் வாங்கிக்கிட்டு, பிரிச்சுப் பாத்து அளந்து அனுப்பியிருப்பேன். இப்ப நீங்க கொண்டுவந்த தாளால பொய் விவரம்னு ஆயிடுச்சு. பெட்டியைப் பறிமுதல்கூடப் பண்ணலாம்."

கண்ணாடிக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். நல்லது செய்ய வந்து தானே முடிச்சுப் போட்டிருக்கிறார் என்பது மட்டும் மெதுவாக உறைத்தது.

"உங்களப் பாத்தா வேணும்னே எழுதின மாதிரி தெரியல" என்றார் அம்மாள். "முதல் தாளை யார் தயார் பண்ணாங்களோ அவங்களையும் கூட்டிக்கிட்டு நாளைக்குக் காலைல வாங்க. வாசல்ல யார் என்ன சொன்னாலும் ஒண்ணும் எழுதாதீங்க."

மாலையில் மாப்பிள்ளை வேலை முடிந்து, கையில் கிரீஸ் கறையோடு படியேறப் போனார். கண்ணாடிக்காரர் கடைக்குள் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினார். மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது.

"இது எனக்கு வரவேண்டிய லெட்டராச்சே மாமா."

"என் பேர்லதானே வந்திருக்கு? காலைல நானே போயிட்டு வந்துட்டேன். பொம்மைன்னு எழுதிக் கொடுத்தேன், அத வச்சு என்னையே மடக்கிட்டாங்க."

"பொம்மைன்னா எழுதினீங்க? ஏன் மாமா?"

"நீங்கதானே விளையாட்டுச் சாமான்னு சொன்னீங்க?"

"ஆமா. விளையாட்டுச் சாமான்தானே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே சொல்லின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம் என்பது இருவருக்குமே தெரியவில்லை. மாடியில் மகளின் நடமாட்டம் கேட்டது.

"அவகிட்ட இப்ப சொல்ல வேணாம் மாமா" என்றார் மாப்பிள்ளை, குரலைத் தாழ்த்தி.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

மறுநாள் மாப்பிள்ளையின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனார். மடியில் ஒரு நீல ஃபைல். போகிற வழியில் சிக்னலில் திறந்து பார்த்தவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சங்கத்தின் கடிதம், காவல் நிலையத்தின் தடையில்லாச் சான்று, தயாரித்த கம்பெனியின் வேக அறிக்கை, வாங்கிய ரசீது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு ஒட்டி வரிசை எண். வாயால் பத்து வார்த்தை பேசுகிற மனிதர் காகிதத்தில் இவ்வளவு பேசியிருக்கிறார். கடத்தல்காரன் காவல் நிலையத்தில் போய்ச் சான்று வாங்குவானா? பாதி பயம் அங்கேயே இறங்கியது. ஆனால் பயம் இறங்கிய இடத்தில் புரிதல் எதுவும் ஏறி உட்காரவில்லை.

ஆய்வாளர் அம்மாள் ஃபைலைத் தாள் தாளாகப் புரட்டி, ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு டிக் போட்டார். முகம் தெளிந்தது.

"எல்லாம் சரியா இருக்கு. நேத்து கொடுத்த தாளை மட்டும் வாபஸ் வாங்கணும். அதுக்குக் காரணம் எழுதணும். வாயால சொல்லுங்க சார், நான் எழுதிக்கறேன். ஏன் பொம்மைன்னு எழுதினீங்க?"

கண்ணாடிக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை அம்மாளைப் பார்த்தார். பூனை சொன்னார் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் பூனை சொல்வதற்கு முன்பே அவர் மனசில் அதுதான் இருந்தது.

"மாப்பிள்ளை விளையாட்டுச் சாமான் வருதுன்னு சொன்னாருங்க. நான் வந்து..." மென்று முழுங்கினார். "என் மகளுக்குக் குழந்தை வரப்போகுதாக்கும்னு நெனச்சுட்டேன்."

அம்மாளின் பேனா நின்றது. மாப்பிள்ளை தரையின் ஓடு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி எதுவும் இல்ல மாமா" என்றார்.

"சரி, சரி."

அம்மாள் பேனாவை மறுபடி தாளில் வைத்தார். "'பொருளின் தன்மையைத் தவறாகப் புரிந்துகொண்டதால்'னு எழுதிக்கறேன் சார். அவ்வளவு போதும். இங்க ஒரு கையெழுத்து."

இம்முறை கண்ணாடிக்காரர் முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். படித்தாரே தவிர, எழுத்தெல்லாம் நீரில் கிடக்கிற மாதிரி ஆடியது.

பரிசோதனை அறையில் பெட்டியைப் பிரித்தார்கள். கறுப்பாக, கனமாக, நுனியில் மட்டும் ஆரஞ்சு நிறத்தோடு நீளமாக ஒன்றும் குட்டையாக ஒன்றும் வெளியே வந்தன. கண்ணாடிக்காரர் ஒரு அடி பின்னால் போனார். அம்மாளும் ஒரு அடி பின்னால் போனதைப் பார்த்து அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒரு அலுவலர் வந்து, எல்லோரையும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போடச் சொல்லி, குண்டின் வேகத்தை அளக்கும் ஒரு சின்னக் குழாய்க் கருவியின் ஊடே ஒவ்வொன்றிலும் ஐந்து முறை சுட்டார். கொசு மட்டையில் கொசு விழுகிற அளவுக்குத்தான் சத்தம். எதிரே அட்டையில் பட்டு வெள்ளைக் குண்டுகள் தரையில் உருண்டன. ஜவ்வரிசியை விடக் கொஞ்சம் பெரிசு. இதற்கா இரண்டு இரவு தூங்கவில்லை?

"எல்லாமே ஒரு ஜூலுக்குள்ள. அனுமதிச்ச அளவுதான்" என்றார் அலுவலர்.

அம்மாள் பட்டியலோடு சாமான்களைச் சரிபார்த்தார். கருவி இரண்டு, குண்டுப் பொட்டலம் நாலு, முகக்காப்புக் கண்ணாடி இரண்டு. கடைசியில் பெட்டியின் மூலையிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து, உள்ளே இருந்ததை விரலால் தூக்கிப் பிடித்தார். கம்பி வளையத்தில் மாட்டிய இரண்டு சிறு லென்ஸ்கள்.

"இது என்ன? இது லிஸ்ட்லயே இல்லையே?"

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்து, மாமனாரைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பெட்டியில் கண்ணாடிக்காரருக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான். "கொடுங்கம்மா" என்று வாங்கினார். "இது பவர் லென்ஸ். கண்ணு சரியாத் தெரியாதவங்க முகக்காப்புக்கு உள்பக்கம் மாட்டிக்கறது." சொல்லிக்கொண்டே, முப்பது வருஷப் பழக்கத்தில், கையை நீட்டி லென்ஸ் வழியாக ஜன்னல் கம்பியைப் பார்த்து இடம் வலமாக அசைத்தார். கம்பி லென்ஸோடு சேர்ந்து அதே பக்கம் நகர்ந்தது. மைனஸ். மற்றதை மெல்லத் திருப்பினார். கம்பி கத்தரிக்கோல் மாதிரி சாய்ந்து நிமிர்ந்தது. கொஞ்சம் சிலிண்டர் பவரும் இருக்கிறது. எந்தக் கோணத்தில் நிமிர்கிறது என்று பார்த்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது.

"வலது மைனஸ் மூணேகால். இடது மைனஸ் ரெண்டேமுக்கால், சிலிண்டர் முக்கால். அச்சு நூத்தியெழுபது" என்றார்.

அம்மாள் பைக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். கண்ணாடியை மூக்கின் மேலே தள்ளிவிட்டு மறுபடியும் படித்தார். "அப்படியே போட்டிருக்கு! பாத்தே எப்படி சார் சொன்னீங்க?"

"பாத்தா மைனஸா பிளஸான்னுதான் தெரியும். அச்சு எந்தப் பக்கம்னு தெரியும். மத்தது..." அவர் லென்ஸைப் பைக்குள் மெதுவாகப் போட்டார். "என் மகளோட கண்ணும்மா. பன்னெண்டு வயசுலேர்ந்து நான்தான் பாக்கறேன்."

அம்மாள் பட்டியலில் கையால் ஒரு வரி சேர்த்து, அதற்கும் தீர்வை போட்டு, ரசீது வரும்வரை வெளியே உட்காரச் சொன்னார்.

நீளமான மர பெஞ்சில் மாமனாரும் மாப்பிள்ளையும் நடுவே பெட்டிக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்காரர் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை அவளுக்கு டியூட்டின்னு சொன்னாளே?"

"டியூட்டி இல்ல மாமா. நான் முன்னாடி போவேன், அவ பின்னாடி பஸ்ல வருவா. ஊருக்கு வெளிய ஒரு பழைய கிடங்கு இருக்கு. இருபது பேர் கூடுவோம்."

"அந்தத் தழும்பு?"

"அவ சுட்டதுதான்."

கண்ணாடிக்காரர் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை அன்றைய பத்து வார்த்தையை எப்போதோ தாண்டியிருந்தார். ஆனாலும் நிறுத்தவில்லை.

"நாலு வருஷம் டாக்டர்கிட்ட போனோம் மாமா. ஞாயித்துக்கிழமைதான் அவளுக்கு லீவு, அதனால ஞாயித்துக்கிழமைதான் ஆஸ்பத்திரி. ஊசி, ஸ்கேன், மறுபடி ஊசி. போன வருஷம் ஒரு நாள், போதும், இனி வேணாம்னு சொல்லிட்டா. நானும் சரின்னுட்டேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை வந்தா ரெண்டு பேரும் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். என்கூட வேலை செய்யறவர் ஒருத்தர் இதுக்குக் கூப்பிட்டாரு. சும்மா பாக்கத்தான் போனோம். அவளுக்குப் புடிச்சுப்போச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொல்லணும்னுதான் இருந்தோம். எதைச் சொல்றதுன்னு தெரியல. ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணையும் சொல்லணும். லென்ஸைக்கூட உங்ககிட்ட கேக்காம வெளிய வாங்கினது அதுக்குத்தான்."

ஜன்னலிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை எழுந்து போய் ரசீதை வாங்கி வந்தார். வாசலில் பூனை, "நான் சொன்ன மாதிரி எழுதினதாலதானே சார் முடிஞ்சுது?" என்று பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடிக்காரர் தலையை எல்லாப் பக்கமும் ஆட்டிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார்.

ரசீது வாங்கப் போனபோதே மாப்பிள்ளை மகளுக்குப் போனில் சொல்லியிருக்க வேண்டும். அவள் பரிசோதனைக் கூடத்தின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கடையில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. மாப்பிள்ளை பெட்டியைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு, "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று மாடிக்குப் போய்விட்டார்.

"அப்பா, ரெண்டு மாசமா நீங்க..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.

"தெரியாமப் பண்ணிட்டேம்மா. மனசுல வச்சுக்காத."

"நான்தான் சொல்லியிருக்கணும்."

யாரோ ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, இருவர் முகத்தையும் கண்டு அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார். கண்ணாடிக்காரர் பெட்டியை வெறித்துக்கொண்டிருந்தார். ஏதாவது கேட்க வேண்டும், கேட்டால் அழவைக்கக் கூடாது.

"அந்த விளையாட்டுல யார் ஜெயிச்சாங்கன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கறது? இத்துனூண்டு குண்டு. மேல பட்டா அடையாளம்கூடத் தெரியாதே?"

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பட்டவங்களே கையத் தூக்கிப் பட்டுடுச்சுன்னு சொல்லிட்டு வெளிய வந்துடணும்ப்பா."

"யாரும் பாக்கலைன்னா?"

"அப்பவும் சொல்லணும்."

"அது எப்படி? சொல்லாம இருந்துட்டா?"

"இருக்கறவங்களும் இருக்காங்க. ஆனா கொஞ்ச நாள்ல தெரிஞ்சுடும்."

அவர் யோசித்தார். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது, தோற்றவரே தோற்றேன் என்று கத்த வேண்டும். இதற்காக விடியும் முன் எழுந்து, பஸ் பிடித்து, தழும்பு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அவருடைய மகள் வருகிறாள். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஆனால் சொல்லும்போது அவள் முகத்தில் ஏறிய வெளிச்சத்தை அவர் பார்த்தார். அதைப் பார்த்து நாலைந்து வருஷமாகிவிட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"இந்த ஞாயிறு வந்து பாக்கறீங்களாப்பா?"

"வரலாம்தான்" என்றார் கண்ணாடிக்காரர். "நீ அவரைச் சுடுவ, அவரு உன்னைச் சுடுவாரு. நடுவுல நான் யார் பக்கம்மா நிக்கறது?"

மகள் சிரித்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்து, யோசித்து, "இருங்க, அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று படியேறினாள்.